பெற்ற மகனும் பிறர் பிள்ளைகளும்

புனே நகருக்கு வான்வழியாகச் செல்வோர் வந்திறங்கும் இடம் லோஹேகாவ். மும்பை நகரின் பாதுகாப்பைக் கருதி ஆங்கிலேயர் 1939-இல் அங்கே ஒரு விமானத்தளம் அமைத்தனர். இன்று பயணிகள் விமானங்களும் இந்திய விமானப்படையின் போர் விமானங்களும் அங்குள்ள ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே விரைகின்ற பயணிகளில் பலருக்கு, தாங்கள் கால் வைத்திருப்பது ஒரு மகானின் பாதம் பட்ட மண் என்பது தெரிந்திருக்காது. பக்த துக்காராமின் தாயார் பிறந்த ஊர் லோஹேகாவ். தேஹுவில் வாழ்ந்த துக்காராம் இவ்வூருக்கு அடிக்கடி வந்து கீர்த்தனை செய்தார் என்று மகாராஷ்டிர மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த ஊரை நினைக்கும்போது இரண்டு மறுப்புகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, 17-ஆம் நூற்றாண்டில் துக்காராம் செய்தது. மற்றொன்று, 1965-இல் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் செய்தது. இருவரும் இல்லறத்தார். இருவருக்கும் நாடாளும் ஒருவர் அன்போடு ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். இருவரும் வேண்டாம் என்றனர். ஆனால் அந்த மறுப்பின் சுமையை அவர்கள் மட்டும் சுமக்கவில்லை. அவர்களுடைய குடும்பத்தாரும் சுமக்க நேர்ந்தது. ஒருவர் தம் கொள்கைக்காகத் தாம் துன்பப்படலாம். அதற்காகத் தம் பிள்ளையும் துன்பப்படும்படி விடலாமா? இக்கேள்வியைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லோஹேகாவில் திரும்பிய பொன்

துக்காராமின் புகழைக் கேள்விப்பட்ட சத்ரபதி சிவாஜி அவருக்குக் குதிரைகளும் குடையும் தீவட்டிகளும் அனுப்பினார். துக்காராம் அவற்றைத் திருப்பி அனுப்பினார். பின்னர் சிவாஜியே லோஹேகாவுக்கு வந்து கீர்த்தனை கேட்டு, பொற்காசுகளைக் காணிக்கையாக வைத்தார். அதையும் துக்காராம் ஏற்கவில்லை. அந்த வைராக்கியத்தைக் கண்ட இளம் மன்னரின் உள்ளத்தில் அரசைத் துறக்கும் எண்ணம் எழுந்தது. தாய் ஜீஜாபாய் கலங்கிப்போய்த் துக்காராமிடம் முறையிட்டார். அன்றிரவு கீர்த்தனையில் துக்காராம் அரசனின் கடமையை எடுத்துரைத்தார். சிவாஜி மனம் தெளிந்து அரசுப் பணிக்குத் திரும்பினார். மரபு சொல்லும் கதை இது.

இக்கதையைச் சொல்லும் நாம் பெரும்பாலும் துக்காராமின் வீட்டை மறந்துவிடுகிறோம். 1630 முதல் 1632 வரை தக்காணத்தை வாட்டிய கொடிய பஞ்சத்தில் அவருடைய முதல் மனைவி பசியால் மாண்டார். அவர் பெற்ற பிள்ளையும் மாண்டது. இரண்டாம் மனைவி ஜீஜாயி, கையில் ஒன்றும் தங்காத கணவரோடும் குழந்தைகளோடும் குடும்பத்தை நடத்த வேண்டியிருந்தது. பொற்காசுகள் வாசல்வரை வந்து திரும்பிய செய்தி தேஹுவை எட்டியபோது அடுப்படியில் இருந்த அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? கதை கேட்கும் நமக்கு வைராக்கியம் இனிக்கிறது. அடுப்பு மூட்டுகிறவருக்கு அது அவ்வளவு எளிதாக இனிப்பதில்லை.

மடிக்கேரிக்கு வந்த செய்தி

இரண்டாவது மறுப்பு ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவுடையது. குடகு நாட்டில் 1899-இல் பிறந்த கொடந்தேர மாதப்ப கரியப்பா, 1949-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். ஆண்டுதோறும் அந்த நாளையே நாம் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1953-இல் ஓய்வு பெற்ற அவர், சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் இந்தியத் தூதராகப் பணிபுரிந்துவிட்டு மடிக்கேரியில் உள்ள தம் இல்லத்தில் வாழ்ந்து வந்தார். ஃபீல்டு மார்ஷல் என்னும் உயரிய பட்டம் 1986-இல்தான் அவருக்கு வழங்கப்பட்டது. 1965-இல் அவர் சீருடையைக் களைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த, அறுபத்தாறு வயதுத் தந்தை.

அவருடைய மகன் விமானப்படையில் ஃபிளைட் லெஃப்டினன்ட். அவர் பணிபுரிந்த 20-ஆவது ஸ்குவாட்ரன் அப்போது ஹண்டர் விமானங்களை இயக்கி வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் 2002-இல், சுகோய்-30 எம்கேஐ விமானங்கள் நமது விமானப்படையில் சேர்க்கப்பட்டபோது, அவற்றை முதலில் பெற்று லோஹேகாவ் தளத்தில் பறக்கவிட்டதும் இதே ஸ்குவாட்ரன்தான்.

1965 செப்டம்பர் 22-ஆம் நாள். போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரச் சில மணி நேரமே இருந்தது. அன்று தாக்குதலுக்குச் சென்ற இளம் கரியப்பாவின் விமானம் எல்லைப் பகுதியில் சுடப்பட்டது. பாராசூட்டின் உதவியால் குதித்து உயிர் தப்பிய அவர் காயங்களோடு பாகிஸ்தான் வீரர்களிடம் சிறைப்பட்டார். கைதியின் பெயரே அவர் யாருடைய மகன் என்பதை அவர்களுக்குத் தெரிவித்துவிட்டது.

அப்போது பாகிஸ்தானின் அதிபராக இருந்தவர் ஃபீல்டு மார்ஷல் அயூப் கான். நாடு பிரிவதற்கு முன்பு கரியப்பாவின் தலைமையின்கீழ் பணியாற்றியவர் அவர். பழைய மேலதிகாரியின் மகன் தம்மிடம் கைதியாக இருப்பதை அறிந்ததும் அவருடைய மனம் இளகியது. தில்லியில் இருந்த தம் நாட்டுத் தூதர் வழியாகக் கரியப்பாவுக்குச் செய்தி அனுப்பினார்: தங்கள் மகன் நலமாக இருக்கிறார், தாங்கள் விரும்பினால் அவரை விடுவிக்கிறோம்.

கரியப்பா நன்றி கூறினார், சலுகையை மறுத்தார். தம் மகனுக்கெனத் தனிச் சலுகை எதுவும் வேண்டாம், எல்லாப் போர்க்கைதிகளையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், விடுவிப்பதானால் எல்லோரையும் விடுவியுங்கள் என்பது அவருடைய மறுமொழியின் சாரம். மகன் மற்றக் கைதிகளோடு இருந்து, 1966 ஜனவரி 22-ஆம் நாள் தாயகம் திரும்பினார். சரியாக நான்கு மாதங்கள்.

அயூப் கானின் பண்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய மனைவியும் மூத்த மகனும் மருத்துவமனையில் இருந்த இளம் கரியப்பாவை நேரில் சென்று பார்த்தார்கள். படித்துப் பொழுதுபோக்க வுட்ஹவுஸின் நகைச்சுவை நாவல் ஒன்றையும் கொடுத்தார்கள். போர் மூண்ட பின்னும் பழைய நன்றியை மறவாத மனிதர்கள் அவர்கள். ஆகவே கரியப்பா மறுத்தது பகைவனின் சூழ்ச்சியை அன்று. ஒரு நல்ல மனிதரின் அன்பளிப்பை. தீயவர் கொடுப்பதை மறுப்பது எளிது. நல்லவர் நல்லெண்ணத்தோடு கொடுப்பதை அவர் மனம் புண்படாமல் மறுப்பது மிகவும் கடினம்.

விலை கொடுத்தது யார்?

இந்நிகழ்ச்சியைக் கேட்டதும் நம் உள்ளம் பெருமிதம் கொள்கிறது. ஆனால் பெருமிதம் விசாரத்திற்கு மாற்று ஆகாது. ஓர் எளிய கேள்வியை நாம் எதிர்கொள்ள வேண்டும். சிறையில் இருந்தவர் யார்? காயத்தோடு படுத்திருந்தவர் யார்? மகன். மறுத்தவர் யார்? தந்தை. மகனைக் கேட்காமல் மகனின் விடுதலையை மறுக்கத் தந்தைக்கு என்ன உரிமை?

மேலைநாட்டுச் சிந்தனையாளர்களும் இச்சிக்கலை வேறு வடிவில் அலசியிருக்கிறார்கள். 1793-இல் வில்லியம் காட்வின் என்னும் ஆங்கிலேயர் ஓர் உதாரணம் கூறினார். மாளிகை தீப்பற்றி எரிகிறது. உள்ளே உலகிற்கு நன்மை செய்யக்கூடிய ஓர் அறிஞர் இருக்கிறார். ஒரு பணிப்பெண்ணும் இருக்கிறாள். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அந்தப் பணிப்பெண் என் தாயாகவே இருந்தாலும் அறிஞரைக் காப்பாற்றுவதே நீதி என்றார் காட்வின். 20-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டு வில்லியம்ஸ் என்னும் தத்துவ அறிஞர் இத்தகைய சிந்தனைப் போக்கை மறுத்தார். ஆபத்தில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற ஓடுகிறவன், பொது நியதி இதை அனுமதிக்கிறதா என்று நின்று யோசித்தானானால், அந்த யோசனையே அன்புக்கு இழுக்கு என்பது அவர் கருத்து.

காட்வின் வழியில் சென்றால் தாய் என்னும் சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது. வில்லியம்ஸ் கூறுவதை எல்லா இடங்களுக்கும் நீட்டினால் என்னவர், பிறர் என்னும் பாகுபாடே எங்கும் ஆட்சி செய்யும். கீதையின் தொடக்கத்தில் திருதராஷ்டிரன் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். போர்க்களத்தில் என் மக்கள் என்ன செய்தார்கள், பாண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறான். பாண்டவர்களும் அவன் மடியில் வளர்ந்த தம்பியின் பிள்ளைகள்தாம். ஆனால் அவன் நாவில் ‘என்’ என்னும் சொல் தன் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்லின் எல்லைக்கோடுதான் குருக்ஷேத்திரம் வரை நீண்டது. தன் பிள்ளையை நேசித்தது திருதராஷ்டிரனின் குற்றமன்று. அரியணையில் அமர்ந்தபோதும் அந்த நேசத்தை அளவுகோலாக வைத்திருந்ததே குற்றம்.

இரண்டு மறுமொழிகள்

கரியப்பாவின் மறுமொழியைப் பலர் பல சொற்களில் சொல்வதுண்டு. அவற்றுள் இரண்டு வடிவங்கள் சிந்தனைக்கு உரியவை. ஒன்றில், அவன் இனி என் மகன் அல்லன், நாட்டின் பிள்ளை என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். மற்றொன்றில், கைதிகள் அனைவருமே என் மக்கள்தாம், எல்லோரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகக் கூறுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இவற்றினிடையே பெரிய வேறுபாடு உண்டு.

மகனையும் மற்றவர்களையும் சமமாக வைக்க இரண்டு வழிகள் உள்ளன. மகனை அந்நியனின் நிலைக்கு இறக்கலாம். அல்லது அந்நியரை மகனின் நிலைக்கு உயர்த்தலாம். முதல் வழியில் பற்று அறுகிறது. ஆனால் அன்பும் சேர்ந்து வற்றிவிடக்கூடும். வீட்டாரிடம் கடுமையாக இருப்பதையே நேர்மை என்று நினைத்துக்கொண்டு முதுமையில் தனித்துப்போகும் மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டாம் வழியில் அன்பு குறைவதில்லை. அதன் எல்லை விரிகிறது. ஆனால் அது செலவு மிகுந்த வழி. எல்லோரும் என் பிள்ளைகள் என்று சொன்னவர், அதன்பின் ஒரு பிள்ளைக்காக மட்டும் கவலைப்பட முடியாது. எல்லோருக்காகவும் கவலைப்பட வேண்டும்.

இதை மற்றத் தந்தையரின் பக்கம் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். அந்தப் போர்க்கைதிகளுள் ஏழை உழவரின் மகன் இருந்திருப்பான். சிறு வியாபாரியின் மகன் இருந்திருப்பான். அவர்களுடைய தந்தையருக்கு எந்த நாட்டு அதிபரையும் தெரியாது. தளபதியின் மகன் மட்டும் முதல் வாரத்திலேயே வீடு திரும்பியிருந்தால் அந்தத் தந்தையர் என்ன நினைத்திருப்பார்கள்? நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்ற ஏக்கம் அவர்கள் நெஞ்சில் எழுந்திருக்கும். அவர்கள் எல்லோருக்காகவும் ஒருவர் இருந்தார். அவர் மடிக்கேரியில் இருந்தார்.

கரியப்பாவின் வாழ்க்கை இந்த இரண்டாம் வழியோடு பொருந்துகிறது. ஓய்வுபெற்ற பின்பும் முன்னாள் படைவீரர்களின் நலனில் ஈடுபட்ட அவர், 1964-இல் இந்திய முன்னாள் படைவீரர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். பணியில் இருந்தபோது பணம் அனுப்பி வீட்டைக் காத்த சிப்பாய், பணி முடிந்து ஊர் திரும்பியபின் என்ன ஆகிறான் என்று எண்ணிப் பார்த்தவர் அவர். அத்தகையவர் எல்லோரும் என் பிள்ளைகள் என்று சொல்லும்போது அது வெறும் பேச்சாக ஒலிப்பதில்லை.

உரிமையும் சலுகையும்

மகனைக் கேட்காமல் மறுக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இங்கே உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேற்றுமையை உணர வேண்டும். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி, ஒவ்வொரு போர்க்கைதியும் மனிதத்தன்மையோடு நடத்தப்பட வேண்டும். காயம்பட்டால் சிகிச்சை பெற வேண்டும். போர் ஓய்ந்தபின் விடுவிக்கப்பட வேண்டும். இவை மகனின் உரிமைகள். இவற்றில் ஒன்றையும் தந்தை மறுக்கவில்லை. அவர் மறுத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று தம் மகனுக்கு மட்டும் கிடைப்பதை. பிள்ளையின் உரிமையைத் தியாகம் செய்ய எந்தத் தந்தைக்கும் அதிகாரம் இல்லை. தம் பெயரால் வந்த சலுகையை மறுக்க அவருக்கு முழு அதிகாரம் உண்டு. ஏனெனில் அது அவருக்கு வந்தது.

திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழனின் வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கன்றைத் தேர்க்காலில் இழந்த பசுவின் துயருக்கு ஈடாகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன். அங்கே மகனால் ஓர் உயிர் போயிருந்தது. தந்தை நீதிபதியின் இடத்தில் இருந்தான். இங்கே மகன் தவறேதும் செய்யவில்லை. தந்தையும் தண்டனை தரவில்லை. தம் நேர்மையை உலகிற்குக் காட்ட வேண்டி மகனைக் கடுமையாக நடத்துங்கள் என்று கரியப்பா சொல்லியிருந்தால், அது நேர்மையின் உடை உடுத்த அகங்காரமாக இருந்திருக்கும். அவரோ எல்லோரையும் நன்றாக நடத்துங்கள் என்றார். தியாகத்தில் அகங்காரம் கலந்திருக்கிறதா என்பதை அறிய இது நல்ல உரைகல்: நம் மறுப்பினால் வேறு யாருக்காவது நன்மை விளைகிறதா, அல்லது நம் பெயர் மட்டும் வளர்கிறதா?

மற்றொன்றும் உண்டு. திருவாரூரில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பித்தருளினார். 1965-இல் அப்படி எதுவும் நிகழவில்லை. போர் முடிந்து, பேச்சுவார்த்தை நடந்து, தாஷ்கண்ட் உடன்படிக்கை கையெழுத்தாகி, அதன் பின்பே கைதிகள் திரும்பினார்கள். அந்த நான்கு மாதங்களில் ஒவ்வொரு நாளும், தாம் ஒரு சொல் சொல்லியிருந்தால் மகன் வீட்டில் இருந்திருப்பான் என்பது தந்தைக்குத் தெரிந்தே இருந்தது. மகனின் துன்பத்தில் பங்கு கொள்ளாமல் அவர் எட்ட நின்று கொள்கை பேசவில்லை. காத்திருத்தல் என்னும் தண்டனையை அவரும் அனுபவித்தார்.

இந்தத் தந்தையிடம் மகன் கண்டது அன்பின்மையா? பின்னாளில் மகன் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. கரியப்பா தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், ஒரு நாள் பள்ளி வண்டி வரவில்லை. உதவி அதிகாரி பையனை அரசாங்கக் காரில் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். சில நாட்கள் கழித்துச் செய்தியறிந்த தந்தை அந்த அதிகாரியைக் கடிந்துகொண்டு, அந்தப் பயணத்திற்கான கட்டணத்தைத் தம் கணக்கில் பிடித்துக்கொள்ளச் செய்தார். பையன் அன்றே புரிந்துகொண்டான், எது அப்பாவுடையது, எது நாட்டுடையது என்று. அதனால் 1965-இல் வந்த மறுப்பு அவருக்குப் புதியதன்று. தாம் வளர்ந்த வீட்டின் வழக்கம்தான். அந்த மகன் பின்னர் ஏர் மார்ஷலாக உயர்ந்து, தென்மேற்கு விமானப்படைப் பிரிவின் தலைமைப் பொறுப்பை வகித்து, 1996-இல் ஓய்வு பெற்றார். 1993 மே 15-ஆம் நாள் மறைந்த தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே நூலாக எழுதினார். தம்மைக் கைவிட்டதாக நினைத்த தந்தையைப் பற்றி எந்த மகனும் அப்படி எழுத மாட்டான்.

ஓய்வு பெறாத கடமை

இன்னொரு தடை எழலாம். 1965-இல் கரியப்பா எந்தப் பதவியிலும் இல்லை. அவர் வெறும் தந்தை. தந்தை என்ற முறையில் மகனைக் கேட்டுப் பெற்றிருக்கலாமே?

பதவி போனபின்னும் அதன் நிழல் நம்மோடு வருகிறது. அந்தச் செய்தி மடிக்கேரியில் வாழ்ந்த ஒரு முதியவருக்கு வரவில்லை. ஜெனரல் கரியப்பாவுக்கு வந்தது. அவர் படைத்தலைவராக இருந்ததால் வந்தது. எனவே படைத்தலைவருக்கு உரிய விதியே அங்கும் பொருந்தும். ஓய்வு பெறுவது என்பது அலுவலகத்தை விட்டு வருவது. அந்த அலுவலகம் நமக்குத் தந்த பெயரையும் செல்வாக்கையும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் நம் உண்மையான நேர்மை வெளிப்படுகிறது. பணியில் உள்ளபோது கண்காணிப்பு உண்டு, விதிமுறை உண்டு, தண்டனை உண்டு. ஓய்வு பெற்றவரைத் தடுக்க மனசாட்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

சிவாஜிக்குத் துக்காராம் உணர்த்தியதும் இதை ஒட்டியதே. கடமையை விட்டு ஓடுவது துறவாகாது. இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே ‘எனது’ என்னும் பிடியை விடுவதே துறவு. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குக் கூறுவதும் இங்கே நினைக்கத் தக்கது. மகன் நமக்கு இனியவனாக இருப்பது மகன் என்பதற்காக அன்று. அவனிடமும் ஒளிரும் ஆத்மாவிற்காகவே என்கிறார் அவர். அப்படியானால் அதே ஆத்மா ஒளிரும் பிறர் பிள்ளைகள் எப்படி இனியவர்கள் ஆகாமல் போவார்கள்? இது புத்தியால் ஏற்பதற்கு எளிது. வாழ்வில் ஏற்பதற்கு, மகனின் பெயர் தாங்கிய ஒரு செய்தி வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

நம் வாசலில்

நம்மில் யாருக்கும் ஒரு நாட்டின் அதிபரிடமிருந்து செய்தி வரப்போவதில்லை. ஆனால் இதே சோதனை சிறிய உருவில் அடிக்கடி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் தம் மகனுடன் என்னிடம் வந்தார். நல்லவர், பல ஆண்டுகளாகத் தெரிந்தவர். பையன் சேர விரும்பிய கல்லூரியின் பொறுப்பாளர் எனக்கு அறிமுகமானவர். மதிப்பெண் சற்றுக் குறைவு, ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார். அவர் கண்களில் இருந்த கவலையைக் கண்டு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பையனுக்கு இடம் கிடைத்தது. இனிப்போடு வந்து வணங்கிச் சென்றார்கள். அன்றிரவு எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் வேறொரு பையன் நின்றிருப்பான். அவனுடைய தந்தைக்கு என்னைத் தெரியாது. அந்தப் பையனின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் காட்டியது கருணை என்றுதான் அப்போது நினைத்தேன். கண்ணெதிரே நின்றவனிடம் மட்டும் காட்டப்பட்ட கருணை அது. இன்று அத்தகைய கடிதம் கேட்டு வருகிறவர்களிடம், பையனின் படிப்புக்கு வேறு எந்த வகையில் உதவலாம் என்று கேட்கிறேன். சிலர் வருத்தத்தோடு திரும்புகிறார்கள். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளவும் பழக வேண்டியிருக்கிறது.

இல்லறத்தாருக்கு இது துறவியரைவிடக் கடினம் என்பதை அறிவேன். தம் குழந்தைக்கு முதலில் சோறிடுவது தாயின் தர்மம். அதில் குறை ஒன்றும் இல்லை. நம் உழைப்பால் வந்ததை நம் பிள்ளைக்குக் கொடுக்கலாம். எல்லோருக்கும் உரியது நம் பெயரால் நம் பிள்ளையை மட்டும் தேடி வரும்போது, மருத்துவமனை வரிசையிலோ கோயில் சன்னதியிலோ அலுவலகத்திலோ, ஒரு கணம் நின்று பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

1966 ஜனவரியில் அந்தக் கைதிகள் தாய்நாட்டிற்குத் திரும்பி வந்தபோது, காத்திருந்த தந்தையருள் யாரும் மற்றொருவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கவில்லை. மடிக்கேரியில் இருந்த தந்தையும் அவர்களுள் ஒருவராக, அவர்களைப் போலவே தம் மகனைப் பெற்றார்.